குளங்காத்த குடிகள்

ஈழநாட்டின் படத்தை விரித்து வன்னிப் பகுதியின் ஊர்ப்பெயர்களைப் படித்துப் பார்ப்போமாயின் ஓர் உண்மை எளிதிற் புலப்படும். செட்டிகுளம், கனகராயன்குளம், பாண்டியன்குளம், வவுனிக்குளம் என ஊர்கள் குளத்தின் பெயராலேயே வழங்குகின்றன. அதனையடுத்துத் தெற்கே நுவரகலாவியப் பகுதியிற் சிங்கள ஊர்ப்பெயர்கள் பல 'வெவ' என்று முடிகின்றன. அச்சொல்லுக்கும் குளம் என்பதே பொருள். முதலிற் குளம், பின்னரே ஊர் என்பதை இப்பெயர்களே நமக்கு உரைக்கின்றன.

எனினும், பாடசாலையில் நாம் கற்ற இலங்கைச் சரித்திரத்திலே குளங்கள் அரசர்களின் அணிகலன்களாகவே வந்தன. மகாசேனன் மின்னேரியைக் கட்டினான், பராக்கிரமபாகு பராக்கிரம சமுத்திரத்தைக் கட்டினான் என்று பரீட்சைக்கு மனனஞ் செய்தோம். கட்டி முடிந்தபின் அக்குளங்களைப் பார்த்தவர் யார்? அடுத்த மாரியிற் கட்டில் ஓட்டை விழுந்தபோது மண் சுமந்தவர் யார்? கோடையில் நீர் குறைந்தபோது அதனைப் பங்கிட்டவர் யார்? இக்கேள்விகள் பரீட்சைத்தாளில் வரவில்லை. வராத அந்த வரலாற்றையே இக்கட்டுரையிற் சிறிது ஆராய முயல்கின்றோம். குளத்தைக் கட்டுதல் ஒரு தலைமுறையின் வேலை. அதனைக் காத்தல் பின்வரும் ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய வேலை. அவ்வேலையை ஊரவர் தமக்குள்ளே ஒழுங்கு செய்துகொண்டவரையிற் குளங்கள் நின்றன. அவ்வொழுங்கு குலைந்தபோது குளங்களுங் குலைந்தன. இதுவே நாம் காட்ட விரும்புவது.

குளம் என்பது யாது?

இலங்கையின் வரண்ட பிரதேசத்தில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையிலேயே பெய்து தீர்கின்றது. பின்னர் நீண்ட கோடை. சோழகக் காற்று ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். நான்கு மாத மழையைப் பன்னிரண்டு மாத வாழ்வுக்கு ஆக்கிக்கொள்ள முன்னோர் கண்ட வழியே குளம்.

குளம் என்றவுடன் கட்டும் நீரும் மாத்திரமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதன் உறுப்புகள் பல. நீரை வெளிவிடுவது துருசு. மிகுநீர் வழிந்து செல்வது வான். அலை வந்து மோதும் ஓரம் அலைகரை. நீரை வயலுக்கு ஏந்திச் செல்வது வாய்க்கால். இவற்றோடு, நீர் வந்து சேரும் மேற்புறத்திலே காட்டுமரங்கள் நிற்கவேண்டும். அவை காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்கும். அதனையடுத்துப் புல்வெளி, வெள்ளத்தோடு வரும் மண்ணை அது வடிகட்டும். சில இடங்களிற் பெரிய குளத்துக்கு மேலே சிறிய குளமொன்றை மண் தங்குவதற்கென்றே கட்டி வைத்தனர். அதன் நீரை வயலுக்கு விடுவதில்லை. கட்டுக்குக் கீழே, வயலுக்கு மேலே, மருது முதலிய மரங்கள் அடர்ந்த ஒரு துண்டு நிலத்தை வெட்டாது விட்டனர். கட்டின் கீழாகக் கசியும் நீரின் உவர் வயலைச் சேராமல் அது தடுத்தது. சிங்கள மக்கள் இதனைக் கட்டக்கடுவ என்றும், மேற்புறப் புல்வெளியைப் பெரஹன என்றும், மரச்சோலையைக் கஸ்கொம்மன என்றும் வழங்குவர். ஒவ்வோர் உறுப்புக்குந் தனிப்பெயர் இட்டிருப்பதிலிருந்தே அவற்றின் பயனை அவர்கள் நன்கறிந்திருந்தமை விளங்கும்.

இக்குளங்கள் தனித்து நிற்பனவுமல்ல. ஒரு பள்ளத்தாக்கின் மேட்டிலிருந்து தாழ்வு நோக்கி ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடர்ந்து கிடக்கின்றன. மேற்குளத்து வயலில் வடிந்த நீர் கீழ்க்குளத்தை அடைகின்றது. பேராசிரியர் மத்தும பண்டார 1985 ஆம் ஆண்டிலே இத்தொடர்களை ஆராய்ந்து எழுதிய பின்னர் அறிஞர் உலகம் இவற்றை உற்றுநோக்கத் தொடங்கிற்று. மேற்குளம் உடைந்தால் அதன் வெள்ளம் கீழ்க்குளத்தையும் உடைக்கும். ஆகவே ஓர் ஊரின் சோம்பல் மற்றோர் ஊரின் அழிவாகும். அயலாரின் நலத்தைப் பேணாது தன் நலத்தைப் பேணுதல் இயலாது என்ற அறத்தை நிலத்தின் அமைப்பே இங்கு கற்பித்தது எனலாம்.

கட்டியவரும் காத்தவரும்

நம் கிழக்கு மாகாணத்துக் கந்தளாய்க் குளத்தைப் பற்றி இரு மரபுகள் உள. மகாவம்ச மரபு அதனை அநுராதபுர மன்னரோடு சேர்த்துப் பேசும். கோணேசர் கல்வெட்டு என்னும் தமிழ் நூல், கோணேசர் ஆலயத்துத் திருப்பணி செய்த குளக்கோட்டனே கோயில் வயல்களுக்காக அதனைக் கட்டுவித்தான் என்று கூறும். குளமும் கோட்டமும் அமைத்தவன் ஆதலின் அப்பெயர் பெற்றான் என்பர். இவ்விரு மரபுகளுள் எது சரி என்று வாதிடுவது நமது நோக்கமன்று. கோயிலையுங் குளத்தையும் ஒரே பெயரில் இணைத்து நினைத்த மக்களின் மனப்பாங்கே நமக்கு வேண்டுவது.

சோழராட்சிக் காலத்திலே கந்தளாயில் ஒரு சதுர்வேதிமங்கலம் இருந்தமையை அங்கு கிடைத்த சாசனங்கள் காட்டுகின்றன. சதுர்வேதிமங்கலம் என்பது சபை கூடி ஊர்க்காரியம் பார்க்கும் பிராமணர் ஊர். அத்தகைய சபை குளத்தை எவ்வாறு பார்த்தது என்பதை அறிய வேண்டின் தமிழகத்து உத்தரமேரூருக்குச் செல்லவேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ 919, 921 ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட சாசனங்கள் அவ்வூரின் வாரியங்களைக் குடவோலை மூலம் தெரிவுசெய்யும் முறையை விரித்துரைக்கின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். அதற்கு உறுப்பினர் அறுவர். அவர் பதவிக்காலம் 360 நாட்கள். கணக்குக் காட்டாதவர் மீண்டும் தெரிவாக முடியாது. ஏரியைத் தூர் வாருவதற்குப் படகு வைத்து, அதற்குப் பொன்னும் முதலாக வைத்தமையை அவ்வூரின் முந்திய சாசனங்களிற் காண்கின்றோம். ஏரிப்பராமரிப்புக்கென்று விடப்பட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். அரசன் ஆணையை மாத்திரம் நம்பியிராமல், ஆளும் பணமும் கணக்கும் ஊருக்குள்ளேயே இருக்குமாறு செய்த ஏற்பாடு இது.

ஈழத்திலே பதின்மூன்றாம் நூற்றாண்டின் பின் இராசரட்டையின் அரசு தளர்ந்தது. பெருங்குளங்கள் பல உடைந்து காடு மண்டின. ஆயினும், வன்னியிலும் நுவரகலாவியவிலும் சின்னஞ்சிறு ஊர்க்குளங்கள் பலவற்றின் கீழ் நெல் விளைந்துகொண்டேயிருந்தது. அரசின் அதிகாரிகள் காத்தவை அரசோடு அழிந்தன; ஊரவர் காத்தவை ஊரோடு நின்றன. 1954 ஆம் ஆண்டிலே அநுராதபுரப் பகுதியின் புல்எலிய என்னுஞ் சிற்றூரிலே தங்கி ஆராய்ந்து, 1961 இல் நூல் வெளியிட்ட எட்மண்ட் லீச் என்னும் ஆங்கில அறிஞரும் இவ்வேறுபாட்டை வற்புறுத்தியுள்ளார்.

பங்கும் பணியும்

அவ்வூர்கள் எவ்வாறு காத்தன? அதன் திறவுகோல் 'பங்கு' என்ற ஒரு சொல்லில் உள்ளது. இச்சொல் தமிழ், சிங்கள மக்களும் இதனைப் 'பங்குவ' என்று தம்முடையதாக்கிக்கொண்டனர். வயலில் ஒருவனுக்கு எத்தனை பங்கோ, குளவேலையிலும் அவனுக்கு அத்தனை பங்கு. கட்டு முழுவதையும் பங்குகளாக அளந்து, இன்ன இடம் முதல் இன்ன இடம் வரை இன்னாருடையது என்று வகுத்தனர். அந்தத் துண்டிலே பற்றை வெட்டுதல், மழை அரித்த இடத்துக்கு மண் போடுதல், வாய்க்கால் துப்புரவு செய்தல், வேலி அடைத்தல் எல்லாம் அவன் பொறுப்பு. தன் துண்டைச் செய்யாதவனுக்குத் தண்ணீர் கேட்க முகமில்லை.

கட்டின்மேல் ஏன் பற்றை வெட்டவேண்டும் என்று நம்மிற் சிலர் கேட்கக்கூடும். பெருமரம் கட்டில் வளர்ந்து பட்டுப்போனால் அதன் வேர் உக்கி, கட்டின் ஊடே குழாய்போல் ஒரு வழி உண்டாகும். எலி வளையும் கறையான் புற்றும் அவ்வாறே. மாரியில் நீர் அவ்வழியே முதலிற் கசியும். கசிவு கலங்கி மண்ணோடு வரத் தொடங்கினால் கட்டுக்கு ஆபத்து வந்துவிட்டது என்று பொருள். பற்றை வெட்டிய கட்டிலே கசிவைக் கண்ணாற் காணலாம். காடு மண்டிய கட்டிலே உடைந்த பின்னரே காணலாம். அதனாலேயே கடும் மழைநாட்களில் ஊரவர் முறைவைத்து இரவிலுங் கட்டில் நடந்து பார்த்தனர்.

நீரைப் பங்கிட ஒருவரை ஊர் தெரிந்து வைத்திருந்தது. வடக்கிலே கமவிதானை என்றும், மட்டக்களப்புப் பகுதியிலே வட்டைவிதானை என்றும், சிங்கள ஊர்களில் வெல்விதானை என்றும் அவர் பெயர் பெற்றார். விதைப்பு நாளைக் குறிப்பதும், துருசு திறப்பதும், கட்டாக்காலி மாடுகளைத் தடுப்பதும், வேலை தவறியவரைக் கேட்பதும் அவர் கடமை. அவருக்குரிய ஊதியத்தை அறுவடையின்போது கமக்காரர் நெல்லாகவே அளந்தனர். சம்பளம் களத்திலிருந்து வந்தமையால் அவர் கணக்குங் களத்துக்கே ஆயிற்று.

எல்லாவற்றிலும் வியக்கத்தக்கது, கோடையில் அவர்கள் கைக்கொண்ட ஒரு வழக்கம். சிறுபோகத்துக்குக் குளத்தில் நீர் போதாதெனக் கண்டால், நுவரகலாவிய ஊர்களிலே வயல்வெளி முழுவதையும் விதைப்பதில்லை. குளத்துக்கு அண்மையிலுள்ள ஒரு பகுதியை மாத்திரம் விதைப்பதென முடிவு செய்வர். அப்பகுதி சிலருடைய காணியாயிருப்பினும், அந்தப் போகத்துக்கு மாத்திரம் அதனை எல்லாப் பங்காளருக்கும் அவரவர் பங்குக்கேற்பப் பிரித்துக் கொடுப்பர். இதற்குப் பெத்ம என்று பெயர். மழை வந்தபின் அவரவர் காணி அவரவர்க்கே. தலைவாய்க்காலிற் காணியுள்ளவன் தானே விளைத்துக்கொண்டு கடைவாய்க்காலானைப் பட்டினி போட இவ்வழக்கம் இடந்தரவில்லை. நீர் பொதுவாயின் வறட்சியும் பொது என்பது அவர்கள் கண்ட நீதி.

இவ்வொழுங்குக்குத் தெய்வமும் சாட்சியாக நின்றது. வன்னியின் குளக்கட்டுகளிலே ஐயனாரும் பிள்ளையாரும் வைரவரும் வீற்றிருக்கக் காண்கிறோம். நுவரகலாவியவிலே சிங்கள மக்களும் ஐயநாயக்க தெய்யோ என்ற பெயரால் அதே ஐயனாரைக் குளக்காவலராக வழிபடுகின்றனர். மின்னேரியைக் கட்டிய மகாசேனனையே மின்னேரித் தெய்வமாக்கி வணங்கினர். குளக்கட்டிலே பொங்கல் வைத்து ஊர் கூடும் நாளிலே, கட்டின் நிலையையும் எல்லாரும் கண்ணாற் கண்டுவிடுவர். பக்தியும் பரிசோதனையும் ஒரே நடையில் நிறைவேறின.

ஆனாற் பழமையெல்லாம் பொன் என்று நாம் கூறவரவில்லை. பங்கு உள்ளவன் பேசிய கூட்டத்திலே பங்கில்லாத கூலியாளுக்கு வாய் இருக்கவில்லை. மண் சுமந்த தோள்கள் எல்லாவற்றுக்கும் நீர் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலே கோயிற் கேணியிலும் ஊர்க்கிணற்றிலும் சாதியின் பெயரால் ஒரு பகுதி மக்களை அள்ளவிடாது தடுத்த வரலாறும் நம்முடையதே. ஊர் என்று நாம் பெருமையோடு சொல்லும்போது அந்த ஊருக்குள் யார் யாரைச் சேர்த்தார்கள் என்றுங் கேட்கவேண்டும். பழைய ஒழுங்கை மீட்க விரும்புவோர் அதன் குறையைக் களைந்தே மீட்டல் வேண்டும்.

1832 இல் அறுந்த கயிறு

கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. மக்களிடம் கட்டாயமாக வேலை வாங்கும் இராசகாரிய முறையை அவர்களும் தெருப்போடவும் சுமை சுமக்கவும் பயன்படுத்தினர். இது பெருங்கொடுமையாயிற்று. நாட்டின் நிருவாகத்தை ஆராய வந்த கோல்புறூக் ஆணையாளர் இதனை ஒழிக்குமாறு சிபாரிசு செய்ய, 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. மனிதனைக் கட்டாயத்திலிருந்து விடுவித்த இச்செயல் நன்றே. அதனை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் அவ்வாணை இருவேறு பொருள்களை ஒன்றாகக் கண்டது. அரசனுக்காகச் செய்யுங் கட்டாய வேலை ஒன்று. தன் குளத்துக்காகத் தன் ஊரோடு சேர்ந்து செய்யும் வேலை மற்றொன்று. இரண்டுக்கும் சட்டப் பிடிமானம் ஒரே நாளிற் போயிற்று. அதன்பின் பங்கு வேலைக்கு வராதவனை ஊர் தண்டிக்க வழியில்லை. அவன் நீதிமன்றத்துக்குச் சென்றால் வழக்கு அவன் பக்கமே சாய்ந்தது. ஒருவன் வராதுவிட்டான், அவனைக் கண்டு மற்றவனும் வராதுவிட்டான். பத்துப் பேர் தத்தம் துண்டைத் திருத்தி, ஒருவன் திருத்தாதுவிடினும், கட்டு அந்த ஒரு துண்டிலேயே உடையும். குளத்தின் இயல்பு அது. கால் நூற்றாண்டுக்குள் ஊர்க்குளங்கள் பல பாழாயின, கமம் சுருங்கிற்று, பஞ்சமும் காய்ச்சலும் மிஞ்சின.

1856 இற் கற்ற பாடம்

1855 இல் தேசாதிபதியாக வந்த சேர் ஹென்றி வார்ட் நாட்டைச் சுற்றிப் பார்த்து இந்நிலையைக் கண்டார். பதுளைப் பகுதியில் உத்தியோகம் பார்த்த ஜோன் பெய்லி போன்றோரும், பழைய வழக்கம் குலைந்ததே நீர்ப்பாசனம் குலைந்ததற்குக் காரணம் என்று எடுத்துக்காட்டினர். இதன் பயனாக 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. நெற்காணிகளின் நீர்ப்பாசனத்துக்கும் பயிர்ச்செய்கைக்கும் உரிய பண்டை வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்துதலே அதன் நோக்கம் என்று அச்சட்டமே கூறிற்று. காணிக்காரரின் கூட்டத்தைக் கூட்டி, பெரும்பான்மையோர் இசைந்தால், அவ்வூரின் வழக்கத்தை எழுதி விதியாக்கலாம். விதி தவறியவனுக்குக் குற்றப்பணம். வழக்கை ஊர்ச்சபையே விளங்கலாம். பெருஞ்செலவு செய்து நீதிமன்றம் ஏறவேண்டியதில்லை.

இங்கே ஒரு வியப்பு உண்டு. இங்கிலாந்திலிருந்து சட்டப் புத்தகத்தோடு வந்தவர்கள், நம் கமக்காரர் எழுதாமலே வைத்திருந்த சட்டத்தை இருபத்துநான்கு ஆண்டுகளின் பின் தேடிப் பிடித்து எழுதவேண்டியதாயிற்று! கிழக்கிலே இறக்காமம், அம்பாறைக் குளங்கள் வார்டின் காலத்திலே திருத்தப்பட்டன. 1873 இல் வடமத்திய மாகாணம் வகுக்கப்பட்டபின், ஊரவர் தம் உழைப்பாற் கட்டை மண்ணிட்டு உயர்த்தினால் அரசாங்கம் துருசு அமைத்துக் கொடுக்கும் என்ற ஏற்பாடு பரவிற்று. மண் உன்னுடையது, கல்லும் இரும்பும் என்னுடையது என்ற இவ்வுடன்படிக்கையினாற் பல ஊர்க்குளங்கள் மீண்டும் உயிர்பெற்றன.

திணைக்களத்தின் காலம்

1900 இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றிற்று. பெருங்குளங்கள் பொறியியலாளரின் பொறுப்பாயின. இரணைமடு போன்ற பெருநீர்நிலைகள் புதிய உருப்பெற்றன. இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. 1946 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், போகத்தின் தொடக்கத்திலே கமக்காரர் கூடித் தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு இடமளித்தது. அமைச்சர் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், குத்தகைக் கமக்காரனுக்குப் பாதுகாப்பளித்ததோடு, விதானைமாரின் இடத்திலே தெரிவுசெய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. பங்கில்லாதவனுக்கு வாய் கிடைத்தது இதன் சிறப்பு. பின்னர் 1979 இலும் 2000 இலும் வந்த சட்டங்கள் ஒழுங்கை மேலும் மாற்றின. இன்று 80 ஹெக்டேயர் வரை பாயும் சிறுகுளங்கள் கமநலத் திணைக்களத்தின் கீழும், அவற்றின் அன்றாடப் பராமரிப்பு கமக்காரர் அமைப்புகளின் கையிலும் உள்ளன.

சட்டம் மாறியதுபோல மனமும் மாறிற்று. கட்டு உடைந்தால் 'திணைக்களம் வரட்டும்' என்று காத்திருக்கும் வழக்கம் வந்தது. பெக்கோ இயந்திரம் ஒருநாளிற் செய்வதை நூறு பேர் ஒருவாரம் ஏன் செய்யவேண்டும் என்று கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனால் இயந்திரம் கசிவைக் கண்டு சொல்லாது. மழையிரவிற் கட்டில் நடக்காது. 1957 மார்கழி வெள்ளத்திலே நாடெங்கும் எத்தனையோ குளங்கள் உடைப்பெடுத்தன. 1986 ஏப்ரல் 20 ஆம் நாள் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து, உறங்கிக்கிடந்த மக்களை வெள்ளம் அள்ளிச் சென்றது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்கட்டுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய உயிர்ப்பாரம் நிற்கின்றது என்பதை அந்த நாள் காட்டிற்று. அடுத்து, 2009 வரை நீடித்த போர் வன்னி மக்களை இடம்பெயர்த்தது. ஊர் இல்லாத காலத்திலே கட்டுகளிற் காடு வளர்ந்தது, வாய்க்கால்கள் தூர்ந்தன. திரும்பிய மக்கள் வயலுக்கு முன் குளத்தையே திருத்தவேண்டியிருந்தது. இலங்கையின் வரண்ட பிரதேசத்துச் சிறுகுளங்கள், பாழானவற்றையுஞ் சேர்த்து, ஏறத்தாழ 30,000 என்று மதிப்பிடுவர். இன்று பயன் தருவன அவற்றுள் ஏறக்குறையப் பாதியே.

கல்லோயாவில் ஒரு புதிய பாடம்

பழைய ஒற்றுமை இனி வருமோ என்று ஐயுறுவோர்க்கு அண்மைக்கால வரலாற்றில் ஒரு விடை உண்டு. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தை ஆக்கிற்று. ஆனால் முப்பது ஆண்டுகளுக்குள் அதன் இடதுகரை வாய்க்கால்கள் பழுதடைந்து, தலைப்பகுதியார் நீரை மறிக்க, கடைப்பகுதியார் வாடினர். மேலே பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள். கடைப்பகுதியிலே தமிழ்க் கமக்காரரும் இருந்தனர்.

1981 இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையம் அமெரிக்காவின் கோர்ணல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு புதுமுயற்சி செய்தது. பட்டதாரி இளைஞரும் யுவதிகளும் அங்கே அனுப்பப்பட்டனர். அவர்கள் கையிற் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. வீடு வீடாகச் சென்று கமக்காரரோடு பேசுவதும், ஒரே வாய்க்காலில் நீர் எடுப்போரைக் கூட்டுவதுமே அவர்கள் வேலை. அந்த ஆண்டு நீர்த்தேக்கத்தில் நீர் மிகக் குறைவு. அப்படியிருந்தும், சில கிழமைகளுக்குள் கமக்காரர் சிரமதானமாக வாய்க்கால்களை வெட்டித் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிஞ்சிய நீரைக் கடைப்பகுதிக்கு விட்டனர். சிங்களக் கமக்காரர் மிச்சம் பிடித்த நீர் தமிழ்க் கமக்காரரின் வயலை அடைந்தது. இவற்றை உடனிருந்து கண்ட நோர்மன் அப்ஹொப் என்னும் பேராசிரியர் 1992 இல் வெளியான தமது நூலில் இவ்வரலாற்றை விரித்துள்ளார். நாட்டிலே இனப்பகை முற்றிய ஆண்டுகள் அவை என்பதை எண்ணும்போது இதன் அருமை விளங்கும்.

இம்முயற்சியிலிருந்து நாம் கொள்ளவேண்டியது யாது? பழைய பங்கு ஊரில் இல்லாத இடத்திலும், பரம்பரை வழக்கம் இல்லாத குடியேற்றத்திலும், பேசிக் கூட்ட ஒருவர் இருந்தால் மனிதர் பொதுநீருக்காகக் கைகோப்பர். அன்று பேசிக் கூட்டியவர்கள் நம்மைப் போன்ற வயதினரே.

குடாநாட்டுக் குளங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. நமக்கு நீர் கிணற்றிலேயே. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கிய மழைநீர், கடலின் உவர்நீர்மேல் மிதக்கும் ஒரு வில்லைபோல் நிற்கின்றது. அவ்வில்லைக்கு ஊட்டமளிப்பவை நம் ஊர்க் குளங்களும் கேணிகளும் தரவைகளுமாம். மாரிநீர் குளத்திலே தங்கினால்தான் மெல்ல மெல்ல நிலத்தில் இறங்கும். வாய்க்கால் வழியே கடலுக்கு ஓடினால் கிணறு உவர்க்கும்.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். கோடையிலே குளம் வற்றியதும் அடிமண்ணை வெட்டி வண்டியிலேற்றித் தோட்டங்களுக்குப் பசளையாகப் போட்டனர். ஆண்டுதோறும் எவருடைய ஆணையுமின்றிக் குளம் தூர்வாரப்பட்டது, தோட்டமுஞ் செழித்தது. குளக்கரையிலே மாடு உடம்பு தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல்லும், வழிப்போக்கன் சுமை இறக்கச் சுமைதாங்கியும் நாட்டினர். செயற்கை உரம் வந்தபின் குளத்துமண்ணை வெட்டுவார் இல்லை. குளம் தூர்ந்து தரையாயிற்று. தரையானதும் வேலி நகர்ந்தது. வேலிக்குள் வீடு எழுந்தது. எஞ்சியவை பலவற்றிற் பிளாஸ்டிக் போத்தலும் கோழிக்கழிவும் மிதக்கின்றன. ஆவுரோஞ்சிக்கல் நிற்கும் இடத்திலே குளத்தைக் காணாத ஊர்களும் உண்டு.

நல்ல அறிகுறிகளும் இல்லாமலில்லை. யாழ் நகரத்து ஆரியகுளம் 2021 இலே புனரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. இலங்கையின் தொடர்குளக் கிராம முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக முக்கியத்துவமுடைய விவசாய மரபுரிமையாக ஏற்றது. உலகம் மதித்ததனால் நமக்குப் பெருமை. ஆனால் அந்த மரபுரிமை ஏட்டிலே அன்றிக் குளக்கட்டிலே இருக்கவேண்டும்.

நமது கடன்

இளைஞர் மன்றங்கள் ஆண்டுவிழா எடுக்கின்றோம், மலர் வெளியிடுகின்றோம், திருவிழாவிலே தண்ணீர்ப்பந்தல் வைக்கின்றோம். பந்தலில் வார்க்கும் நீர் எங்கிருந்து வருகின்றது என்று ஒருமுறை கேட்போம். நாம் செய்யக்கூடியவை பெரியனவல்ல. முதலாவதாக, நம் ஊரின் குளம், கேணி, வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் பெயரும் எல்லையும் எழுதிய ஓர் ஏடு வேண்டும். எல்லை தெரிந்த முதியோர் நம்மோடு இருக்கும்போதே அதனை எழுதவேண்டும். எழுதாத எல்லையை வேலி தின்றுவிடும். இரண்டாவதாக, மாரிக்கு முன் ஒருநாளும் மாரிக்குப் பின் ஒருநாளும் கட்டையும் வரத்துவாய்க்காலையும் எல்லாரும் சேர்ந்து பார்த்துத் துப்புரவு செய்யவேண்டும். மூன்றாவதாக, அந்த நாட்களில் ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும், எல்லா வீடுகளிலிருந்தும் ஆட்கள் வரவேண்டும்; கூட்டத்திலும் எல்லாருக்கும் ஒரே பாய் வேண்டும். முன்னோர் விட்ட குறை அது, நாம் விடலாகாது.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். கட்டில் எந்த இடம் முன்னர் உடைந்தது, எந்தப் பக்கத்தால் வெள்ளம் வரும், எந்த மரத்தடி வரை நீர் ஏறினால் வான் பாயும் என்பன உங்கள் நினைவில் உள்ளன. அவை எந்தத் திணைக்களத்துக் கோப்பிலும் இல்லை. எங்களை அழைத்துக்கொண்டு ஒருநாள் கட்டில் நடவுங்கள். நீங்கள் சொல்வதை நாங்கள் எழுதிக்கொள்வோம்.

1832 இல் ஓர் ஆணை ஊரின் கைகளைப் பிரித்தது. 1856 இல் ஒரு சட்டம் அவற்றை மீண்டுஞ் சேர்க்க முயன்றது. இன்று நம்மைப் பிரித்துவைக்கும் ஆணை எதுவுமில்லை. சேர்ப்பதற்கு ஒரு சட்டமும் வரவேண்டியதில்லை. வரும் ஐப்பசிக்கு முன் மண்வெட்டியோடு குளக்கட்டிற் கூடுவோமாக.